மச்சான் தொடாத ஒரு பட்டன்

நான் வேலையில் சேர்ந்த அன்று என் மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி, காலை எடு. நெட்வொர்க் மூச்சு விடட்டும்."

குனிந்து பார்த்தேன். கேபிள்களுக்கு நடுவே ஒருவர் மல்லாந்து கிடந்தார். எழுந்து தூசி தட்டிக்கொண்டு, "டிகிரியா? மூளை இருக்கறவனுக்குப் பத்தாவதே ஜாஸ்தி" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பேச்சை இன்னும் மறக்கவில்லை.

பம்ப் உதிரிபாகம் விற்கும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவரை மச்சான் என்றே கூப்பிடுவோம். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. உறவுமுறையே பதவியாகிவிட்டது. வெப்சைட், மெயில் இரண்டும் அவர் பொறுப்பு. பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். தும்மும்போதுகூட ஒரு கை பையைப் பொத்திக்கொள்ளும்.

ஒருநாள் கம்பெனி மெயிலை வெளியே வேறொரு சர்வீசுக்கு மாற்றினார். தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தார். வந்தது. "பாத்துக்கோங்க, இதான் வேலை!" என்று சொல்லி அரைநாள் லீவு எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வெப்சைட்டில் வாடிக்கையாளர்கள் நிரப்பும் விசாரணைப் படிவம் ஒன்றுகூட மெயிலில் வரவில்லை. மூன்று தடவை எழுதியும் பதில் இல்லையே என்று போனில் கத்தினார்கள். பதில் எழுதுவது வரவேற்பு மேசையில் இருக்கும் அக்காவின் வேலை.

"அவங்கதான் அழிச்சிருப்பாங்க. ரிப்ளை எது, டெலிட் எதுன்னே தெரியாது" என்றார் மச்சான்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "சனிக்கிழமைக்கு மேல வர வேண்டாம்மா."

பன்னிரண்டு வருட வேலை. அக்கா தன் டம்ளரைக் கழுவிப் பையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை, முதலாளி எதிரிலேயே படிவத்தை நிரப்பி அனுப்பினேன். வரவில்லை. என் போனிலிருந்து அனுப்பிய மெயில் உடனே வந்தது.

"மச்சான், அந்தச் சீட்டைக் குடுங்க."

"உள்ள போனா எல்லாம் வெடிச்சிடும்டா!"

"குடுறா" என்றார் முதலாளி.

வெப்சைட்டை வாடகைக்கு வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கில் மெயில் ரூட்டிங் என்று ஒரு பக்கம் உண்டு. நம் டொமைனுக்கு வரும் மெயில் இந்த சர்வரிலேயே தங்குமா, வெளியே போகுமா என்று அங்கே சொல்ல வேண்டும். வெளியே போக ரிமோட் என்று மாற்ற வேண்டியதை, இங்கேயே தங்கும் லோக்கல் என்றே விட்டிருந்தார் இந்த மேதை. வெளியாட்கள் மெயில் நேராகப் புது இடத்துக்குப் போய்விடும். படிவமோ வெப்சைட்டோடு அதே சர்வரில் இருப்பது. அது வாசலைத் தாண்டாமல், யாரும் திறக்காத பழைய பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருந்தது. திறந்தால், இருநூற்றுப் பதினொரு கடிதங்கள்.

"படிவத்தை ஏன் டெஸ்ட் பண்ணல?" என்றேன்.

"அது கஸ்டமர் நிரப்பறது. நான் என்ன கஸ்டமரா?"

"இவ்வளவையும் நான் எங்க அழிச்சேன் மச்சான், கனவுலயா?" என்றார் அக்கா.

"செட்டிங் தானா மாறியிருக்கும்கா. வெயில் காலம் பாருங்க."

ரிமோட் பட்டனை அழுத்திச் சேமித்தேன். அடுத்த படிவம் வந்தது. முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. சனிக்கிழமை என்ற பேச்சையும் எடுக்கவில்லை. அக்கா பையிலிருந்து டம்ளரை எடுத்து மேசையில் நங்கென்று வைத்தார்.

இப்போது பாஸ்வேர்டு அக்காவின் டிராயரில் இருக்கிறது. மச்சான் அடுத்த தெருவில் மாடியறை பிடித்து, மெயில் அமைப்பது எப்படி என்று வகுப்பு நடத்துகிறார். ஒன்பது பேர் படிக்கிறார்கள்.