மரத்துப்போகும் ஊசி

என் வலது கை ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. நகம் இருக்கவேண்டிய இடத்தில் மொட்டையாக, வழவழவென்று இருக்கும். பார்க்கிறவர்கள் அரிவாள்மணை வெட்டிவிட்டதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அது ஒரு நகச்சுற்றில் போன விரல் என்றும், வைத்தியம் இரண்டு மைல் தூரத்தில் இருந்தும் போன விரல் என்றும் சொல்ல ஆரம்பித்தால், என் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு இலஞ்சியில். ஆனி, ஆடி வந்தால் குற்றாலத்தில் சாரல் விழும், எங்கள் வீட்டில் விருந்தாளிகள் விழுவார்கள். திருநெல்வேலியிலிருந்து அப்பாவின் உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேராக வந்து தங்குவார்கள். காலையில் தலையில் எண்ணெய் வழிய வழிய வண்டி கட்டிக்கொண்டு அருவிக்குப் போவார்கள். திரும்பி வரும்போது அகோரப் பசியோடு வருவார்கள். அதற்குள் அடைக்கு மாவும் தொட்டுக்கொள்ளச் சட்னியும் தயாராக இருக்கவேண்டும். ஆட்டுக்கல்லுக்கு முன்னால் நான்தான் உட்காருவேன். எனக்கு இரண்டு வயது இளையவனான என் தம்பி விருந்தாளிகளோடு அருவிக்குப் போவான்.

அந்த வருஷம் விருந்தாளிகள் வந்த மறுநாள் விரல் நுனியில் சிவப்பாக வீங்கியது. அம்மா பார்த்தாள்.

"நகச்சுத்துதான். எலுமிச்சம்பழத்துல செருகிக்கோ, சரியாப் போகும்."

பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகிவிட்டாள். அதோடு மாவாட்ட முடியாது என்பதால் காலையில் கழற்றிவைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மாட்டிக்கொள்வேன். மூன்றாம் நாள் விரலுக்குள் யாரோ சம்மட்டி கொண்டு அடிப்பதுபோல இருந்தது. கையைத் தொங்கவிட்டால் உயிர் போகும். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குழவியைச் சுற்றினேன். அதைப் பார்த்த ஒரு விருந்தாளி அத்தை, "பாவம், பிள்ளைக்கு வலிக்கும்லா?" என்றாள்.

"எம்பிள்ள வாயத் திறக்க மாட்டா. எப்படிப்பட்ட வலியா இருந்தாலும் ஒரு சத்தம் வராது. அவ அப்படித்தான்" என்றாள் அம்மா. அவள் குரலில் அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. அம்மா என்னைப் புகழ்ந்து நான் கேட்டதே கிடையாது. எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், அதைக் காப்பாற்றவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நான்கு நாள் மாவாட்டினேன். பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து இவ்வளவு மலிவாக இவ்வளவு வேலை வாங்கமுடியும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது.

விருந்தாளிகள் புறப்பட்டுப் போன அன்று நான் கொல்லையில் சுருண்டு கிடந்தேன். காய்ச்சல் அனலாக அடித்தது. கையில் சிவப்பாக ஒரு கோடு முழங்கை வரை ஏறியிருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. வயலிலிருந்து வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு உடனே வண்டியைப் பூட்டினார். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா வண்டியோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பொம்பளைப் பிள்ளை விஷயம் என்று அம்மாதான் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். விரலைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏன் இத்தனை நாள் விட்டீங்க? உள்ளே எலும்பே அழுகியிருக்கும் போலிருக்கு. கீறி எடுக்கணும். முதல்ல மரத்துப்போற ஊசி ஒண்ணு போட்டிருவோம். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

"ஊசியெல்லாம் வேண்டாம் ஐயா. அப்படியே கீறுங்க. எம்பிள்ள தாங்குவா."

"தாங்குவாம்மா. ஆனா எதுக்குத் தாங்கணும்? மருந்து இருக்கே."

"பொட்டப் பிள்ளல்லா? நாளைக்குப் புள்ள பெறப்போறவ. இப்பவே பழகட்டும்."

அவர் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "உனக்கு ஊசி வேணுமாம்மா?" என்று கேட்டார்.

நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டிருக்கக்கூடாது. அம்மா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொல்லமுடியும்? வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கீறினார்கள். அம்மா ஒரு கையால் என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள், மறு கையால் என் வாயைப் பொத்தினாள். அந்த உள்ளங்கையில் வெங்காய வாசனை அடித்தது. கத்தி எலும்பைத் தொட்டபோது வந்த வலியைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை, தேடவும் விருப்பமில்லை. அந்தக் கையைக் கடித்துத் துப்பவேண்டும் என்று தோன்றியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடிக்கவில்லை.

வெளியே வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு சத்தம் போடலியே!" என்பதுதான். விரல் நுனி போனதை அடுத்ததாகத்தான் சொன்னாள். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டாள். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. எல்லா அம்மாக்களும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

கோபம் அடுத்த வருஷம் வந்தது. தம்பிக்குத் தொடையில் ஒரு கட்டி வந்தது. வந்த இரண்டாம் நாளே வண்டி பூட்டினார்கள். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, அந்த மரத்துப்போற ஊசி இருக்குமே, அதப் போட்டுட்டுக் கீறுங்க. எம்பிள்ள தாங்க மாட்டான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நான் என் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். எதற்கு மறைத்தேன் என்று தெரியவில்லை. வெட்கப்படவேண்டியவள் நானில்லை.

தம்பி படுத்தபடி சுவரில் ஊர்ந்த பல்லியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கட்டியைக் கீறி முடித்தது அவனுக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் அந்த ஊசி எப்பேர்ப்பட்டது என்று கண்ணால் கண்டேன்.

திரும்பும் வழியில் வண்டியில் வைத்துக் கேட்டேன். "எனக்கு மட்டும் ஏம்மா போட வேண்டாம்னு சொன்ன?"

"நீயும் அவனும் ஒண்ணாட்டி?" என்றாள். அவ்வளவுதான். தம்பிக்கு வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்தொன்பது வயதில் தலைப்பிரசவத்துக்கு இலஞ்சிக்கு வந்தேன். என்னை ராயகிரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். காலையில் வலி கண்டது. உச்சி வெயில் நேரத்தில் தாங்கமுடியாமல் போனது. பழகட்டும் என்று விரலைக் கொடுத்தேனே, அந்தப் பழக்கம் எதற்காவது உதவியதா என்றால், எள்ளளவும் உதவவில்லை. வலி வலியாகத்தான் இருந்தது. ஒரு வலியைத் தாங்கினவளுக்கு அடுத்த வலி குறைச்சலாக வரும் என்று எவள் சொன்னாளோ தெரியவில்லை.

நான் கத்தினேன். வேண்டுமென்றேதான் கத்தினேன். பத்து வயதில் விழுங்கினதையும் சேர்த்துக் கத்தினேன்.

"வாய மூடுட்டி, தெருவே கேக்குது" என்று அம்மா துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"கேக்கட்டும்! எல்லாரும் கேக்கட்டும்!"

துணியை என் வாயில் வைக்க வந்தாள். அந்தக் கையை இந்தத் தடவை கடித்தேன், ரத்தம் வரும்படி. அம்மா அலறிவிட்டாள். மருத்துவச்சி சிரித்துவிட்டாள்.

"கத்தட்டும் தாயி. கத்துனா புள்ள வராமலா போயிரும்? நீங்க செத்த வெளிய நில்லுங்க."

அம்மா வெளியே போனாள். சாயங்காலத்துக்குள் எனக்குப் பெண் பிறந்தாள்.

ஒரு வாரம் கழித்து, பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், மனதில் இத்தனை வருஷம் கிடந்ததைக் கேட்டேன். "தென்காசி ஆஸ்பத்திரில எனக்கு அந்த ஊசியப் போடவிடாம ஏன் தடுத்த? நெசமாவே புள்ள பெறதுக்காகத்தானா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எந்த ஊசி?"

நடிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. தம்பிக்கு வந்த ஒவ்வொரு காய்ச்சலும் எந்த மாசம், எத்தனை நாள் என்று ஒப்பிப்பாள். என் விரலைப் பற்றிக் கேட்டதற்கு, "நீதான் பேசாம இருந்துட்ட. சொல்லியிருந்தா முன்னமே போயிருக்கலாம்லா?" என்றாள்.

அழுதிருந்தால் அடித்திருப்பாள். அழாததால் என் குற்றமாகிவிட்டது. வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அன்றைக்கே என் வீட்டுக்காரருக்கு அப்பாவைக் கடிதம் எழுதச் சொன்னேன். மூன்று மாதம் இருக்கவேண்டியவள், முப்பதாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராயகிரிக்குப் போய்விட்டேன். அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம், "அவளுக்குக் கோவம் மூக்குமேல வருது, என்னத்துக்குன்னே தெரியல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

என் மகளுக்கு நான்கு வயதானபோது அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று காலை எழுந்ததிலிருந்து மகள் காதைப் பிடித்துக்கொண்டு வீடு அதிர அழுதாள். அம்மா ஆரம்பித்தாள்.

"பொட்டப் பிள்ளைய இப்படி அழவிடுத? நாளைக்கு..."

"இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

சிவகிரியில் இருந்த டாக்டரிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். காதில் விடச் சொட்டு மருந்தும், தேனில் குழைத்துக் கொடுக்க ஒரு பொடியும் தந்தார். வீட்டுக்கு வந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் என் மடியிலேயே தூங்கிப்போனாள். அழுது அழுது கன்னத்தில் உப்புப் பூத்திருந்தது. அம்மா சுவரோரமாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கெல்லாம் இப்ப மருந்து வந்துட்டு போலிருக்கு" என்றாள்.

"மருந்து அன்னைக்கும் இருந்துச்சு" என்றேன்.

அம்மா மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை.