என்டர் தட்டினால் ரத்து

எங்கள் திராட்சை மண்டிக்கு பில் சாஃப்ட்வேர் செய்து கொடுத்த கம்பெனிக்காரர்களே, நூர்ஜகானின் வேலையைப் பறித்தது நீங்கள்தான்.

காமயகவுண்டன்பட்டி மண்டியில் பில் போடுகிற பெண் அவள். தராசுக்காரர் எடையைக் கத்துவார். இவள் கண் பெட்டிகள் மேல், விரல் கீபோர்டில். திரையைப் பார்க்க நேரம் ஏது? பிரிண்ட் வந்ததும் ஒரு கேள்வி வரும் — முடிக்கவா, ரத்து செய்யவா? என்டர் தட்டினால் முடிந்துவிடும். பல வருஷப் பழக்கம்.

போன புதன்கிழமை காலை அப்டேட் வந்தது. விண்டோஸ் தருகிற சாதாரண பட்டன்களைத் தூக்கிவிட்டு, சொந்தமாக ஊதா நிறத்தில் வரைந்து வைத்திருக்கிறீர்கள். எந்த பட்டனில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டையும் காணோம். என்டர் இப்போது ரத்துக்குப் போகிறது.

அன்றைக்கு முதல் பில் என் தோட்டத்துத் திராட்சைக்கு. அவள் வழக்கம்போல் தட்டினாள். காகிதத்தில் பில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் ரத்து. சரக்கை வாங்கிய குமுளிக் கடைக்காரர் போனில் பில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் ரத்து என்று காட்டியது; சரக்கை இறக்க மாட்டேன் என்றார். லாரி சாயங்காலம் வரை வெயிலில் நின்றது. அடிப்பெட்டிகளில் சாறு ஒழுகிவிட்டது.

"கண்ண எங்கன வச்சிருந்த? நாளையிலருந்து வராத" என்றார் மண்டி முதலாளி.

"எப்பவும் போலத்தாண்ணே தட்டுனேன்" என்று என்னிடம் சொன்னாள். அழவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டாள்.

உங்கள் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ஆண்டிபட்டிக்காரர். மாடர்ன் லுக், அந்தக் கோடு அசிங்கம் என்று ஏதேதோ விளக்கினார். பழைய தோற்றத்துக்குத் திரும்ப வழியே இல்லையா?

"இருக்கு சார். மறைச்சு வச்சிருக்கோம். வெளிய காட்டுனா எல்லாரும் பழசுக்கே போயிருவாக."

எப்படி இருக்கிறது? வாடகைக்கு வருகிறவன் வீட்டுக்காரரின் ஸ்விட்ச் போர்டைப் பிடுங்கி வேறு சுவரில் மாட்டுவானா? நீங்கள் மாட்டுவீர்கள். இருட்டில் தடுமாறி விழுந்தால், விழுந்தவள் மேல் குற்றம்.

இதை எங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள் என்றேன். லைன் கட்டானது. நானே போய்ச் சொன்னேன். "நீரு சொன்னா ஆச்சா? கம்பெனிக்காரன் வாயால சொல்லட்டும், அவள வரச் சொல்றேன்" என்கிறார்.

சரி. வரும் புதன்கிழமை காலை மண்டியில் நாங்கள் எல்லோரும் இருப்போம், முதலாளியும் இருப்பார். வந்து, எல்லார் காதிலும் விழச் சொல்லுங்கள் — என்டரை ரத்து பட்டனில் கொண்டுபோய் வைத்தது நூர்ஜகானா, நீங்களா?