அக்குளில் வைத்த பேட்டரிக் கட்டைகள்

பிள்ளைகளே, நீங்கள் செல்போனில் வழி பார்க்கும்போது அந்த நீலப் புள்ளியை நான் ஏன் அப்படி உற்றுப் பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பெயர் வைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். எஸ்டேட்டில் கைக்குழந்தைகளைத் தேயிலைக்குள்தான் புதைப்போம். கல் நட முடியாது, கொழுந்து எடுக்கிறவர்கள் காலில் இடறும். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்வோம். எங்கள் மரம் மேல் டிவிஷனில், ஓடைப் பக்கம் நின்றது.

பிறகு தேயிலைக்கு விலை விழுந்தது. பாக்டரி நின்றது. மேல் டிவிஷன் லயங்களை, வரிசை வீடுகளை, காலி செய்துவிட்டு எல்லோரும் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிப் போனார்கள். நாங்கள் மட்டும் கீழ் டிவிஷனில் தங்கிவிட்டோம். சில்வர் ஓக்குகளை எஸ்டேட் வெட்டி விற்றது. எங்கள் மரமும் லாரி ஏறியது. கவாத்து இல்லாத தேயிலை ஆள் உயரம் தாண்டி மரமாகவே வளர்ந்துவிட்டது.

மேல் டிவிஷனை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்து, அளக்க ஒரு சர்வேயர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். பாதை காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது உங்கள் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "அவரு பெட்டியில நம்ம புள்ளையையும் ஏத்திரச் சொல்லுங்க. தெரியாம தோண்டிப் போட்டுருவாங்க."

அது கைக்குள் அடங்கும் பெட்டி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, நாம் நிற்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும். விரல் பருமனில் இரண்டு பேட்டரிக் கட்டைகளில் ஓடும். எல்லை சுற்றியதில் ஒரு ஜோடி தீர்ந்து, கடைசி ஜோடி போட்டிருந்தார். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியபோதுதான் நான் வாய் திறந்து, உங்கள் அம்மா கேட்டதைச் சொன்னேன். அவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "நடங்க, பாக்கலாம்" என்றார்.

லயங்களைத் தாண்டிப் போனோம். கதவுகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் யாரோ உள்ளே தள்ளி நிற்பது போலவே இருந்தது. ஓடைச் சத்தத்தைப் பிடித்துப் போய், பாசி மூடிய மரத்தூரைக் காலால் தடவிக் கண்டுபிடித்தேன். ஓடையைப் பார்த்து இரண்டாகப் பிரிந்த வேர். அதேதான்.

பெட்டியைத் தூர் மேல் வைத்தார். நாங்கள் அசையாமல் நின்றோம். பெட்டிக்குள் புள்ளி மட்டும் நடந்தது. ஓடைப் பக்கம் போனது, திரும்பியது, நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றி வந்தது.

"யாருங்க நடக்கறது?" என்று கேட்டுவிட்டேன்.

"யாருமில்லீங்க. மேல தழை மூடியிருக்குதுல்ல, சிக்னல் தட்டித் தட்டி வருது. பொறுத்தா ஒரு இடத்துல நிக்கும்." சொல்லிவிட்டு அவரும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பொறுக்கப் பொறுக்கக் கட்டை தீர்ந்துகொண்டே வந்தது. குளிர் வேறு. புள்ளி நிற்கப் போகிற நேரம் திரை அணைந்தது.

"போச்சுங்க" என்றார்.

"கழட்டி இப்படிக் குடுங்க."

டார்ச் மங்கினால் கட்டைகளை அடுப்போரம் வைத்துச் சூடு காட்டுவது எங்கள் வழக்கம். இன்னும் கொஞ்ச நேரம் எரியும். அங்கே அடுப்புக்கு எங்கே போவது? ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"ஏனுங்க, அடைகாக்கறீங்களா? குஞ்சு பொரிச்சா எனக்கொண்ணு குடுங்க" என்றார்.

சிரித்தேன். காய்ச்சல் கண்ட அன்று அவளையும் இதே மாதிரி ஸ்வெட்டருக்குள் விட்டு அணைத்துக்கொண்டுதான் டிஸ்பென்சரிக்கு நடந்தேன். அது நினைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கட்டைகளில் என் சூடு ஏறியதும் எடுத்துக் கொடுத்தேன். திரை எரிந்தது. புள்ளி மறுபடி அலைந்தது, அலைச்சல் சிறுத்தது, தூருக்கு மேல்பக்கம் வந்து நின்றது.

"என்ன பேர் போடட்டுங்க?"

"பாப்பான்னு போடுங்க."

பட்டனை அழுத்தினார். சற்று நேரத்தில் திரை மறுபடி இருண்டது.

"அணைஞ்சிருச்சே, அழிஞ்சிருமா?"

"அழியாதுங்க. கட்டையே இல்லாம வருஷக்கணக்கா கெடந்தாலும் குறிச்ச இடம் உள்ளேயே இருக்கும். படத்துல போட்டுத் தர்றேன். அந்த எடத்தத் தோண்டாம விடறதும் விடாததும் வாங்கறவங்க கையில."

கட்டைகளை உருவித் தேயிலைக்குள் எறிந்தார். எல்லோரும் செய்வதுதான். இறங்கிவிட்டோம்.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றாள். "ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு."

அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசியதில்லை. வாங்க வந்தவர்களும் பின்வாங்கிவிட்டார்கள். இடம் இன்றும் காடாகவே கிடக்கிறது.

மறுநாள் விறகுக்கு என்று சொல்லிவிட்டு நான் மட்டும் மேலே போனேன். தீர்ந்த கட்டை கசியும். டார்ச்சுக்குள் மறந்துவிட்டால் கம்பிச்சுருளையே அரித்துவிடும். அது அந்த மண்ணில் கிடக்க வேண்டாம் என்று தோன்றியது. தழைக்குள் துழாவி இரண்டையும் எடுத்தேன். பனியில் விறைத்துக் கிடந்தன. சட்டைப் பைக்குக் கை போனது. போடவில்லை. ஸ்வெட்டருக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.