ஐந்து ஞாயிற்றுக்கிழமை நீச்சல்

ஆற்றுத் தண்ணீர் மூக்கில் ஏறினால் முதலில் நெற்றிக்குள் சுள்ளென்று எரியும். பிறகு தொண்டைக்குள் சேற்று வாசனை இறங்கும். அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த எரிச்சலோடும் சிவந்த கண்களோடும்தான் திருச்சி பாலக்கரை வீட்டுக்குத் திரும்புவேன். அப்பா, அம்மா, அண்ணன் அருள், நான் என்று எங்கள் குடும்பம் மொத்தமும் காவிரியில் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் ஒரு சாவு. அதற்கு முந்தைய காலாண்டு விடுமுறையில் அப்பாவின் ஆபீஸ்காரர்களின் குடும்பங்களோடு முக்கொம்புக்கு "பிக்னிக்" போனோம். புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் மகள் கால் கழுவப் போய் ஆற்றில் இழுபட்டாள். அப்பாதான் அவளுக்கு மிக அருகில் இருந்தார். அவசரமாகச் செருப்பைக் கழற்றினார்; கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி கரையிலேயே நின்றுவிட்டார். நீந்தத் தெரிந்தவர்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் திடீரென்று, "நம்ம வீட்ல நாலு பேருக்கும் நீச்சல் தெரிஞ்சாகணும். நல்ல வாத்தியாரா ஒருத்தரைப் பிடிக்கிறேன்" என்றார்.

மாப்பிள்ளை தேடுவது போலத் தேடினார். முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு "டிரில் மாஸ்டர்". பயத்தைப் போக்குவதாகச் சொல்லி அண்ணனின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தார். அண்ணனுக்குக் காதில் சீழ் வைத்ததுதான் மிச்சம். அடுத்து வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். மெட்ராசில் நீச்சல் குளத்தில் பழகி "கப்பு" வாங்கியவர். மணலில் குச்சியால் கையும் காலும் வரைந்து அருமையாக விளக்கினார். ஆனால் ஆற்றுத் தண்ணீர் சுத்தமில்லை என்று கணுக்காலுக்கு மேல் இறங்கவே இல்லை. அப்பாவுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

தைலம்மையைக் கண்டுபிடித்தது அம்மா. அந்த மாணவர் மணலில் வரைந்துகொண்டிருந்த நேரத்தில், சற்றுத் தள்ளி ஒரு பெண் தன் இரண்டு வயதுக் குழந்தையைத் தண்ணீரில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓடத்துறையில் பரிசல் விடுகிற மருதையின் மனைவி, முப்பது வயதிருக்கும். அம்மா நேரே அவளிடம் போய், "எங்களுக்கும் இப்படிச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். பரிசல்காரப் பெண்ணை அம்மா "வாங்க, போங்க" என்று பேசியதே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு ஆள் இல்லாததால் ஒப்புக்கொண்டார். பெண்களுக்குத் தைலம்மை, ஆண்களுக்கு மருதை என்று ஏற்பாடானது.

மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி ஆற்றுக்குப் போவோம். தைலம்மை கத்தியதில்லை, அழுத்தியதில்லை. முதுகுக்கு அடியில் உள்ளங்கையை விரித்துத் தாங்கிக்கொண்டு, "தண்ணி உங்கள ஒண்ணும் பண்ணாதுங்க. நீங்க அத அடிக்காம சும்மா சாஞ்சுக்கிடுங்க" என்பாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு அவள் கையை நம்பிப் படுத்திருப்பேன், கொஞ்சம் கழித்து அவள் குரல் தூரத்திலிருந்து கேட்கும்: "கைய எப்பவோ எடுத்துட்டேன் பாப்பா!" அம்மா எங்கள் எல்லோரையும் விட வேகமாகக் கற்றுக்கொண்டார். மூன்றாவது ஞாயிறே மிதந்தார். நான்காவது ஞாயிறு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து முழம் நீந்திப் போய்த் திரும்பி வந்தார். வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்துப் பழகிய அம்மா அன்று பல் தெரிய, சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அப்பாவுக்கு மட்டும் வரவில்லை. தண்ணீர் மார்புக்கு ஏறியதும் அவர் உடம்பு மரக்கட்டையாகிவிடும். மருதையின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "சார், கழுத்த விடுங்க சார், நான் எங்கயும் போகல" என்று மருதை கெஞ்சுவான். அவர் எதற்குப் பயந்தார் என்று இன்று எனக்குப் புரிகிறது. அன்று எனக்கு அது வேடிக்கையாக மட்டுமே இருந்தது.

ஐந்தாவது ஞாயிறு மருதை ஆள் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்தான். அம்மா சற்றுத் தள்ளி ஆழத்தில் நீந்துவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பா, என்ன நினைத்தாரோ, தானாக இறங்கி நாலைந்து அடி நடந்தார். மணல் சரிந்த பள்ளத்தில் கால் போய்விட்டது. தைலம்மையும் நானும் தூரத்தில் இருந்தோம். அம்மாதான் பாய்ந்து போய் அவர் அக்குளுக்கு அடியில் கை கொடுத்து நிமிர்த்திக் கரையோரம் கொண்டுவந்தார். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவன், "சார், அம்மா கையை விட்டுடாதீங்க!" என்றான். சிரிப்பு கரை முழுவதும் பரவியது. அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "குடும்பப் பொம்பளை ஊரே பாக்க ஆத்துல கூத்தடிச்சது போதும்."

அம்மா ஈரப் புடவையைப் பிழிந்து கொடியில் போட்டார்.

அடுத்த ஞாயிறு அப்பா அண்ணனையும் என்னையும் அனுப்பித் தைலம்மையிடம் சொல்லச் சொன்னார்: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இனிமே வர மாட்டோம்." நான் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தேன். தைலம்மையின் முகம் வாடிவிட்டது. "என்ன உடம்புக்கு? காய்ச்சலா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் மாலை அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பாலக்கரை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விசாரித்திருக்கிறாள். காய்ச்சலில் கிடந்த உடம்பு தேற விரால் மீன் நல்லது என்று, தாமரை இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் பங்குச் சாமியார் உட்கார்ந்து அப்பாவோடு திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தைலம்மை வாசல்படியில் நின்று, "அம்மாவுக்கு எப்படி இருக்குங்க?" என்றாள். அப்பா எழுந்து போனார். சாமியாருக்குக் கேட்கும்படி, "யாரும்மா நீ? வீடு தப்பி வந்துட்டே போலிருக்கு" என்றார்.

அவள் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு தரையைப் பார்த்தேன். அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்றுபோனது எனக்குக் கேட்டது. அம்மா வெளியே வரவில்லை. "மன்னிச்சுக்கிடுங்க, வீடு தெரியாம வந்துட்டேன்" என்று தைலம்மை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஆற்றுப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் விருந்தாளிகள் வந்தால் அப்பா, "பிள்ளைகளுக்கு நீச்சல்கூடக் கத்துக் கொடுத்தேன்" என்று சொல்லிக்கொள்வார். வேலைக்குப் போன முதல் வருடம் நான் தனியாக ஓடத்துறைக்குப் போய்த் தேடினேன். மருதையின் பரிசலும் இல்லை, அவர்களைத் தெரிந்தவர்களும் இல்லை. கல்லணைப் பக்கம் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

இன்று பாலத்திலிருந்து பார்த்தால் வருடத்தில் பாதி நாள் மணல்தான் தெரிகிறது. பரிசல் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இல்லை. ஊருக்குள் நீல நிற நீச்சல் தொட்டிகள் வந்துவிட்டன; விசில் கட்டிய "கோச்"களும் வந்துவிட்டார்கள். பல வருடங்களுக்கு முன் என் மகன் தன் குடும்பத்துக்கு அப்படி ஒரு நல்ல கோச்சைத் தேடிப் பிடித்தபோது, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மாவையும் வேடிக்கை பார்க்க அழைத்துப் போயிருந்தோம். அந்தக் கோச் இளம்பெண். பிரியமாகப் பக்கத்தில் வந்து குனிந்து, "பாட்டி, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள்.

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதும்மா. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.