எடைமேடையில் நின்றுபோன புதிய கணினி

காலை எட்டு மணிக்குள் எங்கள் செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் பழக்குலை ஏற்றிய பதினோரு லோரிகள் சேர்ந்துவிட்டன. லோரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் புதிதாக வைத்த கணினியில், எடை வரவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் இருக்கும் அந்த ஆலையில் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவளும் நான்தான். ஆர்ம் என்ற புது வகை புரோசசர் சூடாகாது, மின்சாரம் குறைவு என்று மேனேஜரிடம் வாதாடி, பதினைந்து கணினிகளையும் மாற்ற வைத்தேன். எக்செல், மின்னஞ்சல், பிரிண்டர் எல்லாம் சோதித்தேன். எடைமேடையின் புரோகிராமை மட்டும் சோதிக்கவில்லை. அதுவும் ஒரு புரோகிராம்தானே என்று நினைத்துவிட்டேன்.

புரோகிராம் திறந்தது. ஆனால் எடையைக் காட்டும் பெட்டியைக் கணினியோடு இணைக்கும் கேபிளுக்கான டிரைவர் மென்பொருள் பழைய வகை புரோசசருக்கு எழுதியது. புதியதில் ஏறவே இல்லை.

"பெட்டியில எடை தெரியுதே, கையால எழுதிக் குடுங்கண்ணே," என்றேன் எடைமேடையில் கணக்கெழுதும் கிராணியிடம்.

"கையால எழுதுன சீட்ட எவன் நம்புவான்? அடிதடி ஆயிரும் லா!"

முதல் லோரிக்காரர் ஜன்னலில் தட்டினார். "ஏம்மா கம்ப்யூட்டரு! பழம் வெயில்ல வேகுது. நீ தூக்கிப் பாத்து எடை சொல்றியா?"

எடைமேடையில் இருந்த பழைய கணினியை முந்தின நாள்தான், நான் படித்த தமிழ்ப்பள்ளிக்கு நானே பெருமையாகக் கொடுத்திருந்தேன். ஆலைக் கணக்கு இருந்ததால் அதன் டிஸ்க்கை மட்டும் கழற்றி, வேறு டிஸ்க் போட்டுக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கு ஓடினேன்.

கணினிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னதும் தலைமையாசிரியை மாலையைக் கழற்றினார். "எடுத்துக்கம்மா. ஆனா புள்ளைங்ககிட்ட நீயே சொல்லிரு," என்றார்.

"கெட்டுப் போச்சா அக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"இல்லம்மா. அக்காதான் தப்பு பண்ணிட்டேன்."

ஆலைக்குக் கொண்டுவந்து பழைய டிஸ்க்கைப் பொருத்தியதும் எடை திரையில் வந்தது. லோரிகள் நகர்ந்தன.

"அப்ப எல்லாத்தையும் பழைய வகைக்கே மாத்திரலாமா?" என்றார் மேனேஜர்.

"வேணாம் சார். பதினாலு சரி. இது ஒண்ணுதான் தப்பு."

"இந்தப் புதுச என்ன செய்ய?"

"ஸ்கூலுக்குக் குடுத்துரலாம் சார்."

என்னை முறைத்தார். பிறகு தலையாட்டினார்.

இப்போது ஒரு கணினியை மாற்றலாமா என்று யாராவது கேட்டால், முதலில் மேசைக்கு அடியில் குனிந்து, அதில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பார்க்கிறேன்.