ஆறு படி உளுந்து

அன்று சுந்தரபாண்டியத்தில் இருந்தவர்கள்: அத்தை. அவள் புருஷனான மாமா. அத்தைக்குத் தம்பியான என் அப்பா. அம்மா. நான். எனக்கு ஒன்பது வயது. எங்களோடு ஒரு சாக்குப் பையில் ஆறு படி உளுந்தும் போயிருந்தது.

அது ஏன் போனது என்று சொல்லச் சில வருஷம் பின்னால் போக வேண்டும்.

எங்களுக்கு வ. புதுப்பட்டியில் ஒரு ஏக்கர். அத்தைக்குச் சுந்தரபாண்டியத்தில் ஒரு ஏக்கர். அத்தை கல்யாணமாகிப் போன நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் வயலில் விளைந்த உளுந்தை அவர்கள் விதைப்பார்கள். அவர்கள் வயலில் விளைந்ததை நாங்கள் விதைப்போம். ஒரே மண்ணில் திரும்பத் திரும்பப் போட்டால் விதை சோர்ந்துபோகும் என்பார்கள். ஏக்கருக்கு ஆறு படி. புரட்டாசியில் மழை பார்த்து அத்தை டின்னோடு பஸ்ஸில் வருவாள். வேப்பிலை போட்டு வைத்த விதையைக் கொடுத்துவிட்டு எங்கள் விதையை வாங்கிப் போவாள். விதைக்கென்று யாரும் கடைக்குப் போனதில்லை.

பிறகு மஞ்சள் நோய் வந்தது. இலையெல்லாம் திட்டுத்திட்டாய் மஞ்சள் விழும். காய் பிடிக்காது. இரண்டு வருஷம் இரண்டு வயலிலும் அதுதான். மருந்தடித்துப் பார்த்தார்கள். ஏக்கருக்கு ஒரு மூட்டை தேறவில்லை.

மூன்றாம் வருஷம் அப்பா விவசாய ஆபீஸில் ஒரு பை விதை வாங்கி வந்தார். மஞ்சள் நோய் தாங்கும் புது ரகம். பையின் வாயில் நீலச் சீட்டு தைத்திருந்தது. ஆளுக்கு ஒரு பைதான், ஒரு ஏக்கருக்குத்தான் காணும். எங்கள் வீட்டில் அதற்கு ஆபீஸ் உளுந்து என்று பேராகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அத்தை வழக்கம் போல டின்னோடு வந்தாள். அப்பா ஆபீஸ் உளுந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அத்தை கொண்டுவந்ததை வாங்கி வைத்தார். எங்களிடம் இருந்த பழைய உளுந்தை ஆறு படி அளந்து கொடுத்தார். அத்தை போன பிறகு அம்மா கேட்டாள்.

“மைனிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?”

“புது விதை. வருமோ வராதோ. போனா நம்ம வயலோட போவட்டும். அக்காவுக்குப் பழகுன விதையே இருக்கட்டும். நல்லா வந்தா பொறவு அவளுக்கும் குடுப்போம்.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அத்தையின் உளுந்து டின்னில் கிடந்தது. வைத்திருந்தால் வண்டு விழும். அம்மா அதை எடுத்துத் தோசைக்குப் போட ஆரம்பித்தாள்.

அந்த வருஷமும் சுற்றிலும் மஞ்சள். எங்கள் வயல் மட்டும் பச்சை. கார்த்திகைக் கடைசியில் அத்தை வந்தாள். அவள் வயல் மூன்றாம் தடவையாகப் போயிருந்தது. இன்னொரு பட்டம் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாமா ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அத்தை வரப்பில் நின்று எங்கள் வயலைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

“ஏலே, என் விதை ஒன் மண்ணுல எப்படி நிக்கி பாத்தியா? எம்புட்டுக் காய்.”

அப்பா குனிந்து களை பிடுங்கினார். அந்த இடத்தில் களை இல்லை. நான்தான் பதில் சொன்னேன்.

“அத்தை, இது ஆபீஸ் உளுந்து. ஒங்க உளுந்துல தோச சுட்டுட்டோம். மாவு நல்லாப் பொங்குச்சு.”

பொங்கியதைச் சொன்னால் அத்தை சந்தோஷப்படுவாள் என்றுதான் அதையும் சேர்த்துச் சொன்னேன்.

“பொங்குச்சாட்டி?”

“ஆமா அத்தை.”

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“அப்ப நீ போடாத விதையத்தான் எனக்கு அளந்து குடுத்தியோ?”

“அக்கா, அது வந்து…”

“சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்.”

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அம்மா போட்டு வைத்த காப்பி ஆறிப்போனது.

எங்களுக்கு நாலு மூட்டை விளைந்தது. விற்பதற்கு முன்னால் அப்பா ஆறு படி ஒதுக்கினார். சுளகில் பரப்பிச் சொத்தை, கல் எல்லாம் நான்தான் பொறுக்கினேன். மூன்று நாள் ஆனது. மாசி பிறந்ததும் மூன்று பேரும் மொபெட்டில் போனோம். பை என் காலுக்கிடையில் இருந்தது.

அத்தை வாங்க என்றாள். தண்ணீர் கொடுத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை.

“அக்கா, இத இந்தப் பட்டத்துக்குப் போட்டுரு. மஞ்சளடிக்காது. கெணத்துல தண்ணி கெடக்குல்லா?”

“கெடக்கு.”

அவள் தன் படியை எடுத்து அளந்து பார்த்தாள். சரியாக இருந்தது.

“இருந்து சாப்ட்டுட்டுப் போங்க. செத்த நேரமாகும்.”

அப்பா மாமாவோடு கிணற்றைப் பார்க்கப் போனார். மத்தியானம் திரும்பி வரும்போது சாக்குப் பையை உதறிக் கொடியில் போட்டிருந்தது. பெரிய அண்டாவில் தண்ணீருக்குள் உளுந்து கிடந்தது. ஆறு படியும். அப்பா கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். தொலி இளகியிருந்தது. திரும்ப அண்டாவிலேயே போட்டார்.

“என்னக்கா இது?”

“ஒம் மகதான் சொன்னாளே, எங்க உளுந்து தோசைக்கு நல்லாருந்துச்சுன்னு. ஒங்க உளுந்துல நாங்க வட சுட்டுப் பாக்கோம்.”

கிரைண்டர் சாயங்காலம் வரை ஓடியது. தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் வடை போனது. மாமா அடுப்புப் பக்கம் நின்று சொன்னார்.

“மாப்ள, ஆபீஸ் உளுந்து அம்புட்டு எண்ணெய் குடிக்கல.”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா வடையைத் தொடவில்லை. அம்மா மரியாதைக்கு ஒன்று எடுத்துப் பாதியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அந்தப் பட்டம் அத்தை வயல் தரிசாகக் கிடந்தது. மாமா மில் கேட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் அத்தையும் அதே புது உளுந்தைத்தான் போட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் வாங்கினாள். நன்றாகத்தான் வந்தது. இப்போது இரண்டு வயலிலும் ஒரே ரகம். டின்னைத் தூக்கிக்கொண்டு யாரும் பஸ் ஏறுவதில்லை.

நானும் இப்போது ராஜபாளையத்தில் மில் வேலைக்குத்தான் போகிறேன். கை தன்பாட்டுக்கு அறுந்த நூலை இணைக்கும்போது அந்த நாள் நினைவுக்கு வரும். போனால் நம் வயலோடு போகட்டும் என்று அப்பா சொன்னதைக் கேட்டவர்கள் அம்மாவும் நானும். அப்பா அதை அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. தோசையைச் சொன்ன நான் அதையும் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்று அத்தை என் தட்டில் வடை வைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஏட்டி, பொங்கியிருக்கா?”

“நல்லாப் பொங்கியிருக்கு அத்தை.”

எண்ணிக்கொண்டுதான் தின்றேன். ஒன்பது வடை.