குடை வைத்தியனும் ஆவணி அமாவாசை ஓநாயும்

"மாலை 4.12. வைத்தியன் ஈட்டியால் ஓநாயைத் தாக்குகிறான்."

என்னிடம் இருக்கும் ஓர் அச்சுத்தாளின் கடைசி வரி இது. ஆங்கில எழுத்துகளில் அடித்திருந்த தமிழைத் தமிழ் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன். தாளின் மேலே பென்சிலால் '2007, ஆவணி அமாவாசை, செவ்வாய்' என்று குறித்து வைத்திருக்கிறேன். அந்த வரிக்குப் பிறகு பகடையின் எண் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆரணியில் எங்கள் தெருவுக்கு அந்த நிமிடம் மின்சாரம் நின்றுவிட்டது.

பட்டுப்புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் டிசைன் வரைவது என் தொழில். 1993 முதல் கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். 1999இல் கணினிக்கு மாறினேன். டிசைனுக்குத் தேதி போடும் பழக்கம் மெல்லப் பரவி, பேருந்துச் சீட்டைக்கூடத் தேதி எழுதி ஒட்டி வைப்பதில் வந்து நின்றது. வீட்டு முன்னறையில் என் இரண்டு கணினிகள். உள்ளே அண்ணனும் அண்ணியும் நெய்யும் தறிகள்.

விளையாட்டைக் கொண்டுவந்தவள் என் சித்தி மகள். பெங்களூரில் மென்பொருள் வேலை. 2005 பொங்கலுக்கு வந்தபோது ஒரு குறுந்தகட்டை என் மேசையில் வைத்தாள்.

"சண்டை கேம் இல்லண்ணா. கதை. நான் கதை நடத்துவேன், நீங்கல்லாம் ஆளுக்கு ஒரு பாத்திரமா நடிக்கணும். ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு பகடை சொல்லும்."

வெளிநாடுகளில் இதை ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களாம். நாங்கள் மூன்று ஊர்களில் இருந்தோம். அந்த மென்பொருள்தான் எங்களுக்கு மேசை. என் கணினியில் அதை ஓட்டினால் மற்றவர்கள் இணையம் வழியாக வந்து சேர்வார்கள். கட்டம் போட்ட வரைபடம் ஒன்று எல்லோர் திரையிலும் விரியும். அதன்மேல் எங்கள் பாத்திரங்கள் வட்டமான வில்லைகளாக நிற்கும். கட்டங்களைப் பார்த்ததும் எனக்குக் கை ஊறியது. முதல் வரைபடத்தில் காட்டையும் ஆற்றையும் புடவைக் கரை மாதிரியே வரைந்துவிட்டேன்.

"காட்டுக்கு எதுக்குண்ணா ரெண்டு பக்கமும் ஜரிகை பார்டர்?" என்று கேட்டாள்.

மூன்றாமவன் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த நண்பன். ஆரணிக்குப் பக்கத்துத் திருமலை மலையடிவாரத்துச் சமணக் குடும்பம். சந்தவாசலில் ஜெராக்ஸ் கடையும் டெலிபோன் பூத்தும் வைத்திருந்தான். கடையில் ஒரே தொலைபேசி இணைப்பு. வெளியூர் பேச யாராவது வந்தால் இணையத்தை வெட்டிவிட்டுத்தான் கொடுக்க முடியும். ஆகவே கதை சூடு பிடிக்கும் இடத்தில், "பார்ட்டி வந்துகினு இருக்காங்க பா, என் ஆளை மரத்தடியில நிறுத்து" என்று அடித்துவிட்டுக் காணாமல் போவான். நான் அவன் வில்லையை இழுத்துக்கொண்டுபோய் வரைபடத்தின் ஓரத்து மரத்தடியில் விடுவேன்.

ஆடும் நாள் அமாவாசை. அன்றைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது, எனக்கும் வேலை வராது. அமாவாசை எந்தக் கிழமையிலும் வரும் என்பதால் சித்தி மகள் மாதம் ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்தாள். "எங்க மேனேஜர் என்னைப் பெரிய பக்தைன்னு நெனச்சிகினு இருக்காரு" என்பாள். நண்பன் பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுவிடும் சமண வீட்டுப் பிள்ளை. அதனால் ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் முடித்துவிடுவோம். இந்த இரண்டு வழக்கங்களும்தான் எங்கள் ஆட்டத்தை நான்கு ஆண்டுகள் ஒழுங்காக நடக்கவைத்தன என்று இப்போது தோன்றுகிறது. இஷ்டப்படி ஆடியிருந்தால் ஆறே மாதத்தில் விட்டிருப்போம்.

பாத்திரங்களைப் பராமரிப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மென்பொருளில் ஒரு தாள் உண்டு. பலம், திறமை, மிச்சமிருக்கும் உயிர்ப்புள்ளி, கையிலிருக்கும் பொருள், அந்தப் பாத்திரத்தை ஆட்டும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். நண்பனின் பாத்திரம் ஒரு வழிப்போக்கு வைத்தியன். ஆயுதம் என்ற கட்டத்தை வெறுமையாக விட மென்பொருள் சம்மதிக்கவில்லை. அவன் 'குடை' என்று எழுதி, அதன் தாக்கும் சக்திக்குச் சைபர் போட்டான்.

தாளில் நம் விருப்பத்துக்குப் புதுக் கட்டங்கள் சேர்க்கலாம். என் குணம் சும்மா இருக்குமா? எல்லோர் தாளிலும் 'கொன்றவை' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஓராண்டு கழித்துப் பார்த்தால் என் பாத்திரமான காவல்காரனுக்குப் பதினொன்று, வைத்தியனுக்குச் சைபர். நான் சொல்லும்வரை நண்பனுக்கே அது தெரியாது.

"அப்படியா? அப்ப அதைக் காப்பாத்திகினு வரணும் பா."

"விளையாட்டுதானே?"

"விளையாட்டுலகூட முடியலன்னா அப்புறம் எங்க முடியும்?"

அன்று முதல் அந்தச் சைபருக்காக அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கொள்ளையனுக்குக் கட்டுப் போட்டான். பாம்பைக் குடையில் ஏந்தி ஆற்றுக்கு அப்பால் விட்டான். ஒரு காட்டுப்பன்றியைத் திருப்பி அனுப்ப முழு அமாவாசையைச் செலவழித்தான். சித்தி மகள் தலையில் அடித்துக்கொண்டாலும், அவனுக்கென்றே கதையில் கொல்லாமல் தப்பிக்கும் வழி ஒன்றைத் தேடி வைக்க ஆரம்பித்தாள்.

2007 ஆடி கடைசியில் நண்பன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி, பிறகு மாமியார் வீட்டில் படுக்கை. ஆவணி அமாவாசைக்கு அவன் வரவில்லை. வழக்கப்படி நான் வைத்தியனை மரத்தடியில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாததற்கு எங்கள் வீட்டுப் பழக்கம்தான் காரணம்.

தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டால் அதைச் சும்மா விடமாட்டார்கள். நெய்பவர் படுத்துவிட்டால் மச்சானோ பங்காளி வீட்டுப் பெண்ணோ வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து நெய்வார்கள். உட்காரலாமா என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால்தான் வருத்தப்படுவார்கள். அன்று மதியம் தட்டு எடுக்க வந்த அண்ணி என் திரையைப் பார்த்தார்.

"அந்தக் குடைக்காரர் ஏன் தம்பி சும்மா நிக்கறாரு?"

"அவனுக்குக் கால் உடைஞ்சிருக்கு அண்ணி."

"கால் உனக்குத் தெரிஞ்சவருக்குத்தானே உடைஞ்சிது, இந்தப் பொம்மைக்கா? தள்ளு, நான் உக்காந்துக்கறேன்."

எனக்கும் அது இயல்பாகவே பட்டது. வைத்தியனின் உரிமையை நண்பன் பெயரிலிருந்து மாற்றி, இரண்டாவது கணினியில் அண்ணியை உட்காரவைத்தேன். அவனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அண்ணி ஒரு மணிநேரத்தில் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நாலு மணி வாக்கில் ஓநாய் வந்தது. என் காவல்காரனுக்கு ஒரே ஒரு உயிர்ப்புள்ளி மிச்சம்.

"குடையை வெச்சிகினு ஓநாய்கிட்ட இன்னா பண்றது? அங்க ஒரு ஈட்டி கெடக்குதே, அதை எடுத்துக் குடு. ஜல்தி!"

எடுத்து வைத்தியனின் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஓநாய்க்கு மூன்று உயிர்ப்புள்ளி; எட்டு முகப் பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் அது சாகும். அண்ணி பகடையை உருட்டினார். மின்சாரம் நின்றது. கணினிக்கான பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

"ஏழு! ஏழு விழுந்துது, நான் பார்த்தேன். செத்துது சனியன்!" என்று அணைந்த திரைக்கு முன் கைதட்டினார் அண்ணி. நான் அந்த நொடியில் என் காவல்காரனின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை கணினியைப் போட்டேன். சேமித்திருந்த கோப்பில் ஓநாய் மூன்று புள்ளியோடு நின்றது. ஆட்டப் பதிவு 4.12 வரியோடு முடிந்திருந்தது; வழக்கம்போல் அதை அச்சிட்டு வைத்தேன். அண்ணி பார்த்தேன் என்கிறாரே என்று ஓநாயை எடுத்துவிட்டு, வைத்தியனின் 'கொன்றவை' கட்டத்தில் 1 என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் நான் செய்தது என்னவென்று உறைத்தது.

உடனே ஈட்டியைப் பிடுங்கிக் குடையைத் திருப்பிக் கொடுத்து, உரிமையை மாற்றி, வைத்தியனை மரத்தடியில் நிறுத்தினேன். அந்த 1 மட்டும் அப்படியே இருந்தது. அதை அழிக்க மனம் வரவில்லை; நடந்ததை அழித்துப் பழக்கமில்லை. நண்பன் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவான். கால் வலியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "என் ஆளு எப்படி இருக்கான்?" என்பான்.

"மரத்தடியில நிக்கறான் பா."

சொல்லும்போது அது உண்மைதான். இரண்டு மாதம் அந்த உண்மைக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் ஐப்பசி அமாவாசை. நண்பன் கைத்தடியோடு பஸ் ஏறி நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். நான் தண்ணீர் எடுத்துவருவதற்குள் தன் பெயரில் நுழைந்து தாளைத் திறந்திருந்தான். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இது இன்னா பா, ஒண்ணு?"

எல்லாவற்றையும் சொன்னேன். குரல் கேட்டு அண்ணியும் வந்துவிட்டார்.

"நான்தாங்க குத்தினேன். உங்க கூட்டாளியைக் கடிச்சிகினு இருந்துது. குடையை விரிச்சி நெழலா குடுக்க முடியும்?"

நண்பன் சிரித்துவிட்டான். "அக்கா, நீங்க குத்தினதுல தப்பே இல்ல. உங்க ஆளா இருந்து குத்தி இருந்தா நானே கை தட்டி இருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். சிரிப்பு போயிருந்தது. "மரத்தடியில நிக்கறான், மரத்தடியில நிக்கறான்னு எட்டு வாரம் சொன்னியே. நான் படுத்துகினு இருந்தப்ப அந்தச் சைபரைத்தான் பா நெனச்சிகினு இருந்தேன். அது ஒண்ணுதான் விழாம இருக்குதுன்னு."

"மாத்திடறேன், ஒரு நிமிஷம்" என்று மவுசை எடுத்தேன்.

"வேணாம். பஸ் டிக்கெட்டுக்குத் தேதி எழுதற ஆளு நீ. எனக்காகப் பொய் எழுதாத. அன்னிக்கி நடந்ததைக் காட்டு."

அச்சுத்தாளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். "இதோ இங்க கை மாறி இருக்குது" என்று விரலை வைத்தான். புடவையில் ஆள் மாறி நெய்த இடம் தடவினால் தெரியும், ஊடை நூலை இறுக்கும் அடி வேறு மாதிரி விழுந்திருக்கும். அதுவரை மூன்று வாக்கியம் பேசிவிட்டு ஓரடி வைக்கும் வைத்தியன், அந்த வரியிலிருந்து பேசாமலே ஐந்து கட்டம் தாவியிருந்தான். அண்ணி எட்டிப் பார்த்து, "நம்ம அடி கொஞ்சம் பலமாத்தான் விழும்" என்றார்.

கடைசி வரிக்கு வந்தான். "எண் எங்க?"

சித்தி மகளுக்குத் தொலைபேசி போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். தன் திரையில் பகடை உருண்டுகொண்டே இருந்ததாகவும், நிற்பதற்குள் தொடர்பு அறுந்ததாகவும் சொன்னாள். "கதை நடத்தறவ நான்தானே? ஓநாய் காட்டுக்குள்ள ஓடிடுச்சி, சைபர்தான்னு நான் தீர்ப்பு சொல்லிடறேன். பேஜாரே வேணாம்."

"தீர்ப்பு வேணாம்மா. அக்கா ஏழுன்றாங்க. நீ நிக்கவே இல்லன்ற. கோப்புல ஓநாய் உயிரோட இருந்திருக்குது. நம்ம யாருக்கும் தெரியாது. அதையே எழுது" என்றான் நண்பன்.

எழுதப் போனால் கட்டம் எண்ணைத் தவிர எதையும் ஏற்கவில்லை. இரண்டாண்டுக்கு முன் நான் அப்படித்தான் அமைத்திருந்தேன். எல்லோர் தாளிலும் அந்தக் கட்டத்தை அழித்து, சொற்களை ஏற்கும் கட்டமாக மறுபடி உருவாக்கினேன். முக்கால் மணிநேரம் ஆனது. அவன் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கடைசியில் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து அவனே அடித்தான்: 'தெரியவில்லை. ஆவணி அமாவாசையன்று கை மாறியது.'

பிறகு அண்ணிக்கென்று புதுத் தாள் ஒன்றைத் திறக்கச் சொன்னான். ஆயுதம் என்ற கட்டத்தில் ஈட்டி என்று அவனே எழுதினான். "இனிமே உங்க ஓநாயை நீங்களே குத்திக்குங்க" என்றான்.

அண்ணி வெங்காயமும் கிழங்கும் சேர்க்காமல் சமைத்து ஐந்து மணிக்கே இலை போட்டார். நண்பன் சாப்பிட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறினான். நான் கொண்டுபோய் விட்டேன். ஏறுமுன், "அடுத்த அமாவாசைக்குப் பார்ட்டி வந்தா மரத்தடியில நிறுத்து. நிஜமா நிறுத்து" என்றான். அதன் பிறகு நாங்கள் நால்வரும் 2009 மாசி வரை ஆடினோம். பதினாறு அமாவாசைகளில் மூன்றைத் தவிர எதுவும் தவறவில்லை. வைத்தியன் அப்புறம் எதையும் கொல்லவில்லை. என்னை விட்டுப் போக எல்லாக் காரணமும் இருந்தும் போகாத நண்பனுக்கும், எனக்காக ஈட்டி எடுத்த அண்ணிக்கும், எங்களுக்கு அந்த மேசையைப் போட்டுத் தந்த தங்கைக்கும் இதுவரை எழுத்தில் நன்றி சொன்னதில்லை. இது அதற்கான குறிப்பு.

அந்தக் கணினியின் வன்தட்டு என்னிடம் இருக்கிறது. மின்சாரம் நின்ற நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த தற்காலிகக் கோப்பு ஏதாவது அதில் மிஞ்சியிருக்கலாம் என்றும், முயன்றால் எடுக்கலாம் என்றும் தங்கை சொல்கிறாள். நண்பன் எடுக்கச் சொல்லவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் இன்னும் கொடுக்கவில்லை. ஆகவே 4.12க்கு உருண்ட பகடையில் ஏழு விழுந்ததா, ஓநாய் இறந்ததா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.